வண்டியும் ஓடமும்

'ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும். வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்' என்பது நம் முன்னோர் வாக்கு. உயர்வும் தாழ்வும் மாறி மாறி வரும் என்னும் பொருளில் நாம் இதனை வழங்கி வருகிறோம். ஆனால் கடந்த நூறாண்டுகளின் எஞ்சின் வரலாற்றைப் படிக்குங்கால், இப்பழமொழிக்கு வேறொரு பொருளும் உண்டோ என எண்ணத் தோன்றுகிறது. சாலையில் ஓடும் வண்டியும் நீரில் மிதக்கும் சிறு படகும் ஒரே பெட்ரோலைக் குடித்தே வாழ்கின்றன. அந்தப் பெட்ரோல் எவ்வாறு அமைய வேண்டும் என்று முடிவு செய்பவர்களோ வண்டியை மட்டுமே மனத்திற்கொண்டு முடிவு செய்கிறார்கள். முடிவின் விளைவு மட்டும் ஒருநாள் சொல்லாமல் ஓடத்திலும் ஏறிக்கொள்கிறது.

எத்தனால் என்னும் எரிசாராயத்தைப் பெட்ரோலில் கலக்கும் வழக்கம் இன்று நம் நாட்டிலும் வேரூன்றிவிட்டது. இப்பாதையில் நமக்கு வெகு முன்பே நடந்து சென்ற நாடு அமெரிக்கா. அங்கே ஒரு கோடிக்கும் மேற்பட்ட படகுகள் பதிவு பெற்றுள்ளன. ஏரியும் ஆறும் கழிமுகமும் நிறைந்த அந்நாட்டில் சிறு படகு என்பது பலருடைய வாழ்வோடு கலந்த பொருள். எத்தனால் கலந்த பெட்ரோல் அப்படகுகளின் எஞ்சின்களை என்ன செய்தது என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம். நல்ல நோக்கத்தோடு இயற்றப்படும் சட்டம் ஒன்று, தான் எண்ணிப் பாராதவர்களை எவ்வாறு தாக்குகிறது என்பதற்கு இவ்வரலாறு ஒரு சான்று.

பழைய உறவு

எரிசாராயத்துக்கும் படகுக்கும் இடையிலுள்ள உறவு பெட்ரோலைவிடப் பழமையானது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஆர்ஃபர்டு என்னும் சிற்றூரில் வாழ்ந்த சாமுவேல் மோரி என்பவர், 1826-ஆம் ஆண்டில் உள்ளெரி எஞ்சின் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். டர்பன்டைனும் சாராயமும் கலந்த ஆவியே அதன் உணவு. அவர் தம் எஞ்சினைக் கொண்டு படகு ஒன்றையும் செலுத்திப் பார்த்தார் என்பர். நிலத்திலிருந்து பெட்ரோலியம் பெருமளவில் எடுக்கப்படுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே இது நிகழ்ந்தது.

ஆயினும் அந்த உறவு நீடிக்கவில்லை. உள்நாட்டுப் போரின் செலவுக்காக 1862-இல் அமெரிக்க அரசு சாராயத்தின்மீது வரி விதித்தது. சில ஆண்டுகளுக்குள் அவ்வரி காலன் ஒன்றுக்கு 2 டாலராக ஏறியது. குடிக்கும் சாராயத்துக்கும் எரிக்கும் சாராயத்துக்கும் வேறுபாடு காட்டாத வரி அது. விளக்கெரிக்கப் பயன்பட்ட சாராயம் மண்ணெண்ணெய்க்கு இடம் விட்டு விலகியது. தொழிலுக்கு உதவும் சாராயத்தின்மீது இருந்த வரி நீங்க 1906 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் பெட்ரோல் அரியணை ஏறிவிட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் நாம் இன்று காணும் அவுட்போர்டு எஞ்சினும் பிறந்தது. நார்வே நாட்டில் 1877-இல் பிறந்து, விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறிய ஓலே எவின்ரூடு என்னும் தொழிலாளி, தாம் விரும்பிய பெண்ணுக்காக ஏரியின் மறுகரையிலிருந்து ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு துடுப்பு வலித்து வந்தாராம். கரை சேருமுன் அது உருகிவிட்டதாம். படகின் பின்புறம் மாட்டிக் கழற்றக்கூடிய எஞ்சின் ஒன்றைச் செய்யும் எண்ணம் அன்று தோன்றிற்று என்று சுவையாகச் சொல்வார்கள். அவருக்கு முன்னரும் சிலர் இம்முயற்சியில் இறங்கியதுண்டு. எனினும் 1909-இல் மில்வாக்கி நகரில் அவர் செய்து விற்கத் தொடங்கிய ஒன்றரைக் குதிரைத்திறன் எஞ்சினே மக்களிடம் பரவியது. அதன் எடை சுமார் 28 கிலோ. ஒருவர் தூக்கிச் சுமக்கலாம். எந்தப் படகிலும் மாட்டலாம். ஏழைக்கும் எட்டும் எஞ்சின் அது. அந்த எளிமையே பின்னாளில் அதற்குச் சோதனையாக அமைந்தது என்பதை இனிக் காண்போம்.

ஈயம் வந்ததும் போனதும்

கார்களின் எஞ்சின் வலிமை பெறப் பெற, அவற்றுள் ஒரு தட்டல் ஓசை எழுந்தது. எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து எரிவதால் உண்டாகும் ஓசை அது, எஞ்சினையே கெடுத்துவிடும். இதற்கு மருந்து தேடிய தாமஸ் மிட்ஜ்லி, ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் ஈயத்தின் ஆற்றலைக் கண்டறிந்தார். சாராயம் கலந்தாலும் தட்டல் அடங்கும் என்பதை அவரும் அவர்தம் தலைவர் சார்லஸ் கெட்டரிங்கும் அறிந்தே இருந்தனர். ஆனால் சாராயம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். ஈயமோ சில துளிகளே போதும். மலிவும் ஆதாயமும் ஈயத்தின் பக்கம் நின்றன.

ஈயம் கலந்த பெட்ரோல் 1923-இல் ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில், நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அந்த ஈயப் பொருளைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். எச்சரிக்கை மணி அன்றே ஒலித்தது. எனினும் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஈயப் புகை தொடர்ந்தது. 1975-இல் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிக் கருவிகள் புதிய கார்களில் பொருத்தப்பட்டன. ஈயம் அவற்றைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமற்ற பெட்ரோல் பரவிற்று. அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கான பெட்ரோலில் ஈயம் அறவே தடை செய்யப்பட்டது 1996 ஜனவரி முதல் நாளில். உலகில் கடைசி நாடாக அல்ஜீரியா அதனைக் கைவிட்டது 2021-இல். ஒரு பிழையைத் திருத்த உலகுக்கு ஏறத்தாழ நூறாண்டுகள் பிடித்தன.

ஒன்றை நீக்க மற்றொன்று

ஈயம் விட்டுச் சென்ற இடத்தை நிரப்ப வேறு பொருள் வேண்டுமல்லவா? 1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியில் வரிசையில் நின்று தவித்த அமெரிக்கர், உள்நாட்டு மக்காச்சோளத்திலிருந்து வடிக்கும் எத்தனாலை மீண்டும் நினைத்துப் பார்த்தனர். பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 1978-இல் வரிச் சலுகை கிடைத்தது. அதே காலத்தில் எம்.டி.பி.ஈ. என்னும் மற்றொரு வேதிப்பொருளும் அரங்கேறியது. 1990-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தம், புகை மண்டிய நகரங்களின் பெட்ரோலில் ஆக்ஸிஜன் தரும் பொருள் ஒன்று இருந்தே தீரவேண்டும் என்றது. மலிவாகவும் குழாய்வழி அனுப்ப ஏற்றதாகவும் இருந்த எம்.டி.பி.ஈ. பல மாநிலங்களில் வெற்றி பெற்றது.

காற்றைக் காத்த அப்பொருள் நீரைக் கெடுத்தது. நிலத்தடித் தொட்டிகளிலிருந்து கசிந்த எம்.டி.பி.ஈ. நீரில் எளிதில் கரைந்து நெடுந்தொலைவு சென்றது. சிறிதளவே கலந்தாலும் நீர் நாறியது. 1996-இல் கலிஃபோர்னியாவின் சாந்தா மோனிகா நகரம், தன் குடிநீரில் ஏறத்தாழப் பாதியைத் தந்துகொண்டிருந்த கிணறுகளை மூட நேர்ந்தது.

இங்கே படகின் குற்றத்தையும் மறைக்காமல் சொல்வது நேர்மை. பழைய கார்புரேட்டர் வகை டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள், தாம் குடிக்கும் எரிபொருளில் நான்கில் ஒரு பங்கு வரை எரிக்காமலே நீரில் கக்கிவிடும். கலிஃபோர்னியாவின் டோனர் ஏரியை ஆய்ந்தவர்கள், அங்கே கலந்த எம்.டி.பி.ஈ.க்குப் படகுகளே முதன்மைக் காரணம் எனக் கண்டனர். 1999 முதல் டாஹோ ஏரியில் அவ்வகை எஞ்சின்கள் தடை செய்யப்பட்டன. ஆகவே படகுக்காரர் எப்போதும் பாதிக்கப்பட்டவர், சட்டம் எப்போதும் கொடியது என்று நாம் எளிதாகத் தீர்ப்புக் கூறிவிட இயலாது.

எம்.டி.பி.ஈ. நீங்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. கலிஃபோர்னியா, நியூ யார்க், கனெக்டிகட் ஆகிய மாநிலங்களில் அதன் தடை 2004 பிறக்கும்போது நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஆக்ஸிஜன் தரும் பொருள் வேண்டும் என்னும் சட்டம் அப்படியே இருந்தது. எஞ்சியிருந்த ஒரே வழி எத்தனால். அவ்வாண்டின் வசந்த காலத்தில் படகுகளை நீரில் இறக்கியவர்களுக்கு, பெட்ரோல் பங்கில் தாங்கள் வாங்குவது சென்ற ஆண்டின் பெட்ரோல் அன்று என்பது பெரும்பாலும் தெரியாது.

கரைந்துபோன தொட்டிகள்

நியூ யார்க்குக்கும் கனெக்டிகட்டுக்கும் இடையே நீண்டு கிடக்கும் லாங் ஐலண்டு கடற்கழியில்தான் முதல் அவலக்குரல் எழுந்தது. முந்திய பத்தாண்டுகளில் கட்டப்பட்ட சில விலையுயர்ந்த படகுகளில் எரிபொருள் தொட்டி கண்ணாடியிழையால் ஆனது; படகின் உடலோடு ஒட்டி வார்க்கப்பட்டது. உலோகம்போல் துருப்பிடிக்காது என்பதால் அதனைச் சிறந்த தொட்டி என்றே எல்லாரும் எண்ணியிருந்தனர். எத்தனால் அந்தக் கண்ணாடியிழையைப் பிணைத்து வைத்திருந்த பிசினை மெல்லக் கரைத்தது. கரைந்த பிசின் பெட்ரோலோடு ஒன்றாகி, எந்த வடிகட்டியிலும் தங்காமல் எஞ்சினுக்குள் புகுந்தது. அங்கே சூட்டில் கருந்தாராக உறைந்து, வால்வுகளை அசையவிடாமல் பிடித்துக்கொண்டது. வால்வைத் தள்ளும் தண்டுகள் வளைந்தன; எஞ்சின்கள் அழிந்தன.

எஞ்சினை மாற்றினால் மட்டும் தீராது. தொட்டியையும் மாற்ற வேண்டும். தொட்டியை எடுக்கப் படகின் மேல்தளத்தையே அறுக்க வேண்டும். படகு வைத்திருந்தவர் செய்த பிழை யாது? ஒன்றுமில்லை. தொட்டி செய்தவர் பிழையும் இல்லை. அவர் காலத்துப் பெட்ரோலுக்கு அது நல்ல தொட்டியே. பெட்ரோல் மாறியது, மாறியதை யாரும் படகிடம் சொல்லவில்லை.

கண்ணாடியிழைத் தொட்டி இல்லாத படகுகளுக்கும் தொல்லை வந்தது. எத்தனால் நல்ல கரைப்பான். பல ஆண்டுகளாகத் தொட்டியின் சுவரில் படிந்திருந்த பிசுக்கையும் துருவையும் அது அலசி எடுத்துக்கொண்டு வந்து வடிகட்டியை அடைத்தது. நடுநீரில் எஞ்சின் நின்றது. பழைய ரப்பர் குழாய்கள் உப்பி, மெத்தென்று ஆகி, சில வெடித்தன. சாலையில் வண்டி நின்றால் இறங்கி ஓரத்தில் நிற்கலாம். காற்று எழும் நேரத்தில் கடல்முகத்தில் எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவது?

நீரும் காற்றும்

இத்தொல்லைகளின் அடிப்படையைச் சற்று விளக்குவோம். பெட்ரோலும் தண்ணீரும் ஒட்டாத இரு குடும்பங்கள். எத்தனாலோ இரு வீட்டாருக்கும் வேண்டியவர். இடையில் நின்று, சிறிதளவு நீரைப் பெட்ரோலோடு இணக்கமாக வைத்திருக்கும். அந்த அளவுக்குள் நன்மையே உண்டு. தொட்டியில் சேர்ந்த சிறிது ஈரத்தைப் போக்கப் படகுக்காரர்களே முன்பு சாராயத்தை வாங்கி ஊற்றியதுண்டு. பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், மிதமான குளிரில் தன் அளவில் ஏறத்தாழ 0.5 விழுக்காடு நீரைத் தாங்கும். அதாவது 100 லிட்டருக்கு அரை லிட்டர். அதற்கு மேல் நீர் சேர்ந்தாலோ குளிர் மிகுந்தாலோ உறவு முறிகிறது. எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு நீரோடு போய்விடுகிறது. நீரும் சாராயமுமான கனத்த அடுக்கு தொட்டியின் அடியில் தங்குகிறது. எரிபொருளை உறிஞ்சும் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. மேலே நிற்கும் பெட்ரோலோ தட்டலைத் தடுக்கும் வலிமையை இழந்து நிற்கிறது. ஒருமுறை பிரிந்ததை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து எதுவும் இல்லை. வெளியே எடுத்து அப்புறப்படுத்துவதே வழி.

காற்றிலுள்ள ஈரத்தை எத்தனால் சில நாட்களில் உறிஞ்சித் தொட்டியைப் பாழாக்கிவிடும் என்று பலர் அஞ்சுவதுண்டு. அச்சம் மிகையானது, காற்றின் ஈரத்தால் மட்டும் அடுக்குப் பிரியப் பல மாதங்கள் ஆகும். படகுத் தொட்டிக்கு நீர் பெரும்பாலும் தேய்ந்த மூடியின் வழியாகவும் மழையாலும் அலைத் தெறிப்பாலும் வருகிறது. ஆனால் படகுக்கு அந்தப் பல மாதங்கள் உண்டு என்பதே இங்கு நினைக்கத்தக்கது. கார் ஒன்று தன் தொட்டியை ஓரிரு வாரங்களில் குடித்துத் தீர்த்துவிடும். வட அமெரிக்காவின் குளிரில் படகு அரையாண்டு காலம் கொட்டகையில் உறங்கும். அதன் தொட்டிக்குக் காற்றோடு உறவு வைத்திருக்கும் திறந்த மூச்சுக்குழாயும் உண்டு. வண்டிக்கு எளிதாயிருப்பது படகுக்குக் கடினமாவதன் காரணம் இதுவே.

இன்னொரு வேறுபாடும் உண்டு. எத்தனாலின் எடையில் ஏறத்தாழ 35 விழுக்காடு ஆக்ஸிஜன். ஆகவே அதனை எரிக்கக் குறைந்த காற்றே போதும். சாதாரணப் பெட்ரோலின் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். இன்றைய காரில் புகையை முகர்ந்து பார்க்கும் உணர்கருவி உண்டு. எரிபொருள் மாறினால் கலவையை அதுவே திருத்திக்கொள்ளும். சிறு படகு எஞ்சின்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அந்த மூக்கு இல்லை. ஆலையில் வைத்த அளவிலேயே அவை ஓடுகின்றன. எத்தனால் கூடக் கூட, தேவைக்கு மிஞ்சிய காற்றோடு எரிந்து, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது. கார் தன் முழு வலிமையை எப்போதோ ஒருமுறை காட்டுகிறது. படகோ நீரின் எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு மணிக்கணக்கில் முழு மூச்சோடு ஓடுகிறது. எளிமைக்காக நாம் போற்றிய எஞ்சின், அந்த எளிமையாலேயே தன்னைத் தற்காத்துக்கொள்ள இயலாமல் போயிற்று.

பத்திலிருந்து பதினைந்துக்கு

2005-ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம், ஆக்ஸிஜன் விதியை நீக்கிவிட்டு, அதற்கு மாறாகப் பெட்ரோலில் கலக்க வேண்டிய புதுப்பிக்கத்தக்க எரிபொருளின் அளவையே ஆண்டுதோறும் வரையறுத்தது. 2012-க்குள் 750 கோடி காலன் என்றது அச்சட்டம். 2007-இல் வந்த மற்றொரு சட்டம் அவ்விலக்கை 2022-க்கு 3,600 கோடி காலனாக உயர்த்தியது. அமெரிக்கர் ஓராண்டில் எரிக்கும் பெட்ரோலோ சுமார் 14,000 கோடி காலன். பத்து விழுக்காடு மட்டும் கலந்தால் 1,400 கோடிக்கு மேல் எத்தனாலைச் செலவிட வழியில்லை. ஏட்டில் எழுதிய எண்ணுக்காகக் கலவையின் அளவை உயர்த்த வேண்டியதாயிற்று. எத்தனால் உற்பத்தியாளர்கள் 2009-இல் பதினைந்து விழுக்காட்டுக்கு அனுமதி கேட்டனர்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 2010 அக்டோபரில் 2007-ஆம் ஆண்டும் அதற்குப் பின்னும் வந்த கார்களுக்கும், 2011 ஜனவரியில் 2001 முதல் 2006 வரையிலான கார்களுக்கும் அனுமதி தந்தது. படகு, மோட்டார் சைக்கிள், புல்வெட்டும் எந்திரம் ஆகியவற்றுக்கு அனுமதி தரவில்லை. பதினைந்து விழுக்காட்டுப் பெட்ரோலை அவற்றில் ஊற்றுவது சட்ட விரோதம் எனவும் அறிவித்தது. படகைக் காக்க அரசு செய்த ஏற்பாடு யாது? பெட்ரோல் பங்கின் குழாய்மேல் ஒட்டப்பட்ட, ஆரஞ்சும் கறுப்புமான சிறு எச்சரிக்கைச் சீட்டு ஒன்று.

தடை தேவைதான் என்பதை அரசின் ஆய்வே காட்டிற்று. தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வுக்கூடத்துக்காக மெர்க்குரி மரைன் நிறுவனம் மூன்று வகை அவுட்போர்டு எஞ்சின்களைச் சோதித்தது. அறிக்கை 2011-இல் வெளிவந்தது. ஒவ்வொரு வகையிலும் ஒன்று எத்தனால் இல்லாத பெட்ரோலிலும், மற்றொன்று பதினைந்து விழுக்காட்டுக் கலவையிலும் 300 மணி நேரம் முழு வேகத்தில் ஓட வேண்டும். கலவையில் ஓடிய 200 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் பேரிங் 256-ஆம் மணியில் உடைந்தது. காரணத்தை உறுதியாகச் சொல்ல இயலாத அளவு அது சிதைந்திருந்தது. 300 குதிரைத்திறன் எஞ்சினின் வெளியேற்று வால்வுகள் மிகுசூட்டால் முறிந்தன. 9.9 குதிரைத்திறனுள்ள சிறிய எஞ்சின் சோதனையை முடித்தது. ஆனால் மெதுவாக ஓடும்போது தடுமாறிற்று. சில எஞ்சின்களைக் கொண்டு நடந்த சிறு சோதனைதான் இது. எனினும் அது கைகாட்டிய திசை தெளிவானது.

படகு எஞ்சின் செய்வோர், கார் செய்வோர், தோட்டக் கருவி செய்வோர் ஆகியோரின் சங்கங்கள் நீதிமன்றத்தை நாடின. 2012 ஆகஸ்டில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், மூவரில் இருவர் தீர்ப்பாக, அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. பதினைந்து விழுக்காடு நல்லதா தீயதா என்பதை அது ஆராயவே இல்லை. இவ்வனுமதியால் தங்களுக்கு நேரடித் தீங்கு வரும் என்பதை மனுதாரர்கள் நிறுவவில்லை. ஆகவே வழக்காடும் தகுதி அவர்களுக்கு இல்லை என்பதே தீர்ப்பு. உச்ச நீதிமன்றமும் மறு ஆண்டு அதில் தலையிட மறுத்தது. சட்டத்தின் நோக்கில் அத்தீர்ப்புக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் அதனைப் படிக்கும்போது நம் மனத்தில் ஒரு வேதனை எழாமல் இல்லை. வண்டிக்காக வகுத்த விதி ஓடத்தையும் தொட்டது. ஓடத்துக்காகப் பேச வந்தவர்களுக்கோ வாசற்படியிலேயே கதவு மூடப்பட்டது.

எச்சரிக்கைச் சீட்டின் வலிமை எவ்வளவு? வீட்டிலிருந்து படகை இழுத்துவரும் ஒருவர், வழியில் தம் காருக்கும் படகுக்கும் ஒரே பங்கில் பெட்ரோல் நிரப்புவதே அங்குள்ள வழக்கம். குழாயைப் பிடிக்கும் கை விலையைப் பார்க்கும், சீட்டைப் பார்க்குமா? பதினைந்து விழுக்காட்டுப் பெட்ரோல் பொதுவாகச் சற்று மலிவு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அதனைக் கோடையிலும் விற்கலாம் என 2019-இல் வந்த விதியை நீதிமன்றம் 2021-இல் நீக்கிற்று. ஆயினும் 2022 கோடை முதல் நெருக்கடிக் கால அனுமதி என்னும் பெயரில் அவ்விற்பனை தொடர்ந்தது. கோடையே படகுகள் ஓடும் காலம்.

நடுநிலையாக நோக்கின்

எத்தனாலைப் பேயாகச் சித்திரிப்பது நம் நோக்கமன்று. ஈயத்தைப்போல் அது குழந்தைகளின் மூளையைக் கெடுப்பதில்லை; எம்.டி.பி.ஈ.யைப்போல் கிணறுகளை ஆண்டுக்கணக்கில் நாற வைப்பதில்லை. உழவருக்கு விலை கிடைக்கிறது. அண்மைக் காலத்தில் செய்யப்படும் அவுட்போர்டு எஞ்சின்கள் பத்து விழுக்காட்டுக் கலவைக்கேற்பவே வடிவமைக்கப்படுகின்றன. அவற்றைச் செய்வோரும் அதுவரை உத்தரவாதம் தருகின்றனர். பேணத் தெரிந்தவர்கள் அக்கலவையோடு பல ஆண்டுகள் நலமாகப் படகோட்டி வருகின்றனர். நீரைப் பிரிக்கும் 10 மைக்ரான் வடிகட்டியைப் பொருத்துவது, மூடியின் ரப்பர் வளையத்தை ஆண்டுதோறும் பார்ப்பது, நெடுநாள் நிறுத்துமுன் சிறு எஞ்சினின் கார்புரேட்டரை உலர ஓட்டிவிடுவது, பழைய குழாய்களை மாற்றுவது ஆகியவை அவர்கள் கற்ற பாடங்கள். பல மாநிலங்களில் எத்தனால் கலவாத பெட்ரோலும் சற்றுக் கூடிய விலையில் கிடைக்கிறது. நீரோடு எளிதில் உறவு கொள்ளாத ஐசோபியூட்டனால் என்னும் மற்றொரு சாராயத்தைப் படகுகளில் 16 விழுக்காடு வரை கலந்து சோதித்து நல்ல பலனும் கண்டனர். ஆனால் அது பெட்ரோல் பங்குகளுக்குப் பரவலாக வந்து சேரவில்லை.

ஆகவே கேள்வி எத்தனால் நல்லதா தீயதா என்பதில் இல்லை. மாற்றத்தின் செலவை யார் சுமக்கிறார் என்பதில் இருக்கிறது. கார் வாங்குபவருக்காக உணர்கருவியும் ஆய்வும் உத்தரவாதமும் முன்கூட்டியே ஏற்பாடாயின. படகுக்காரர் தம் எஞ்சின் நின்ற பிறகே தம்முடைய பெட்ரோல் மாறியதை அறிந்தார். அவர் கற்ற பாடம் ஒவ்வொன்றுக்கும் அவரே கட்டணம் செலுத்தினார்.

நம் கரையில்

இனி நம் கரைக்கு வருவோம். இந்தியாவில் எத்தனால் கலப்புத் திட்டம் 2003 ஜனவரியில் ஐந்து விழுக்காடாகத் தொடங்கிற்று. தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்த மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. 2022-இல் பத்து விழுக்காட்டை எட்டினோம். இருபது விழுக்காட்டுப் பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. 2030-க்கு என முதலில் குறித்திருந்த இருபது விழுக்காட்டு இலக்கை நாடு 2025-இலேயே அடைந்தது. அமெரிக்கா தன் படகுகளுக்குப் பதினைந்தையே தடுத்து நிற்க, நாம் இருபதுக்கு வந்துவிட்டோம். 2025-இல் இதுபற்றி எழுந்த வாதங்கள் பெரும்பாலும் கார்களையும் இருசக்கர வாகனங்களையும் பற்றியவை. மைலேஜ் குறையுமா, பழைய வண்டி தாங்குமா என்று கேட்டோம். கேட்க வேண்டிய கேள்விகளே.

நம் வள்ளங்களில் பெரும்பகுதி டீசலில் ஓடுகிறது என்பது உண்மை. ஆயினும் குமரிக் கரையிலும் பிற இடங்களிலும் அவுட்போர்டு எஞ்சின் மாட்டிய வள்ளங்கள் ஏராளம். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினும் பெட்ரோலில்தான் கிளம்புகிறது. அந்த எஞ்சின்களுக்கும் முகரும் மூக்கு பெரும்பாலும் இல்லை. உப்புக் காற்றிலும் அலைத் தெறிப்பிலும்தான் அவற்றின் வாழ்வு. நாள்தோறும் கடலுக்குச் செல்பவருக்குப் பெட்ரோல் தொட்டியில் தேங்குவதில்லை என்பது ஓர் ஆறுதல். ஆனால் புயல் எச்சரிக்கையிலும் மீன்பாடு குறைந்த நாட்களிலும் எஞ்சின் கரையில் காத்துக்கிடக்கும். அமெரிக்கருக்குப் படகு பெரும்பாலும் விடுமுறைப் பொழுதுபோக்கு. அங்கே எஞ்சின் கெட்டால் ஒரு விடுமுறை கெடும். இங்கே எஞ்சின் கெட்டால் அடுப்பு எரியாது.

எனவே, கடற்கரை ஊர்களின் மீனவர் சங்கங்களும் எஞ்சின் பழுது பார்க்கும் இளைஞர்களும் இவ்வரலாற்றை அறிந்திருப்பது நலம். பெட்ரோலைக் கேனில் வாரக்கணக்கில் வைக்காமல் இருப்பது, தொட்டியின் அடியில் தேங்கியதை அவ்வப்போது வடித்துப் பார்ப்பது, உப்பிய குழாயை உடனே மாற்றுவது ஆகியவை சிறு செயல்கள். ஆயினும் ஆழ்கடலில் உயிர் காப்பவை. அரசுக்கும் ஒரு கடமை உண்டு. சாலை வண்டிகளைச் சோதித்ததுபோல் மீனவரின் எஞ்சின்களையும் அதே கலவையில் சோதித்து, முடிவை அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லலாம். செலவு பெரிதன்று.

சாமுவேல் மோரி சாராயத்தைக் கொண்டு எஞ்சினை ஓட்டி இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் தம் எஞ்சினுக்கு எரிபொருளைத் தாமே தேர்ந்துகொண்டார். இன்று வள்ளத்தின் பின்புறம் அமர்ந்து கயிற்றை இழுப்பவருக்கு அந்தத் தேர்வு இல்லை. வண்டிக்கென வார்த்ததையே அவரும் வாங்கியாக வேண்டும். ஓடம் வண்டியில் ஏறட்டும், வண்டி ஓடத்தில் ஏறட்டும். ஆனால் ஏற்றுவதற்கு முன், 'உன்னால் தாங்க முடியுமா?' என்று ஓடத்தை ஒரு சொல் கேட்பது நம் கடமையன்றோ!